விசர் டொக்டர்

நான் கிளிநொச்சியில் மிருக வைத்தியராக இருந்த காலத்தில் எனக்கு இரண்டு பட்டங்கள் இருந்தன. ஒன்று படித்து வாங்கியது. அதை அங்கே ஒருவரும் ஒருநாளும் விசாரித்ததில்லை. மற்றது சனம் தந்தது: விசர் டொக்டர்.

விசர் என்றால் பைத்தியம். ஆனால் எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஓய்வே கிடையாது. கோபம் வந்தால் "எனக்கு விசர் வருது" என்போம். பொருத்தமில்லாமல் பேசினால் அது விசர்க்கதை. மழையில் நனைந்துகொண்டு வருகிறவன் விசரன், அவனுக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைகிறவன் முழு விசரன். வெறிநாயும் எங்களுக்கு விசர்நாய்தான். இப்படிப்பட்ட சொல்லை ஒரு அறிவித்தலில் எழுதும்போது கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. படித்தவன் அல்லவா!

அறுபதுகளின் தொடக்கம் அது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய சனம், உருத்திரபுரம் பக்கமெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாக வயல் செய்துகொண்டிருந்தது. எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பதுதான் முகவரி. வீட்டுக்கு வீடு மாடு, வீட்டுக்கு வீடு நாய். மாடு ஒரு நேரம் வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பினால் போதும், வியர்க்க விறுவிறுக்க என்னைத் தேடி ஓடி வருவார்கள். அதே வளவில் நாய் மூன்று நாளாகச் சுருண்டு கிடக்கும். "அதுக்கு என்ன?" என்று கேட்டால், "அது நாய்தானே, டொக்டர்" என்பார்கள். நான் அவர்களுக்கு மாட்டு டொக்டர். நாய்க்கும் பூனைக்கும் ஒரு டொக்டர் என்பது பகிடிக் கதை.

சொறி பிடித்த நாய்க்கு உழவு மெசினின் கழிவு எண்ணெயைத் தலையிலிருந்து வால்வரை பூசிவிடுவார்கள். கறுப்பாக மினுங்கிக்கொண்டு ஓடும் அந்த நாய்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவை தம்மை நக்கி நக்கி அந்த எண்ணெயையே விழுங்கிச் சாகும். "அது என்ன மெசினே, எண்ணெய் விடுறதுக்கு?" என்று கத்துவேன். "மெசின் நல்லா ஓடுது, டொக்டர்" என்று பதில் வரும். கந்தகத்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசச் சொல்லி நான் தொண்டை வற்றக் கத்திய வீடுகள் எத்தனையோ.

அந்த வருடம் காட்டோரத்தில் ஒரு நரிக்கு விசர் பிடித்தது. அது கடித்த பசுக்கன்று ஒன்று என் கண்முன்னே துடித்துச் செத்தது. நரி கன்றைக் கடித்தால் நாளைக்கு நாயைக் கடிக்கும், நாய் மனிதரைக் கடிக்கும். எனக்கு நித்திரை போய்விட்டது. ஓடித் திரிந்து மருந்து எடுப்பித்து, ஊரெல்லாம் ஒட்டுவதற்கு என் கைப்பட அறிவித்தல் எழுதினேன்: "சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உருத்திரபுரம் பாடசாலை வளவில் விசர்நாய்த் தடுப்பூசி போடப்படும்."

சனிக்கிழமை போனால், வளவு நிறையச் சனம்! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்து, மருந்தை ஏற்றி, நிமிர்ந்து பார்த்தேன். ஒரு நாயையும் காணவில்லை. ஆட்கள் எல்லாரும் என்னிடமிருந்து எட்டவே நின்றார்கள். நாலைந்து பேர் மாமரத்தில் ஏறி வசதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மரத்திலிருந்த ஒருவர் கேட்டார். "டொக்டர், விசர்நாயள் எத்தினை மணிக்கு வரும்?"

"என்ன விசர்நாய்?"

"நோட்டீசிலை போட்டிருக்கே, விசர்நாய்க்கு ஊசி போடுறதெண்டு. பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்."

"அப்ப உங்கட நாயள் எங்கை?"

"உதென்ன கதை கதைக்கிறியள்! ஊரிலை உள்ள விசர்நாயெல்லாம் வாற இடத்துக்கு ஆரும் வீட்டு நாயைக் கொண்டு வருவினமே?"

எனக்கு உண்மையாகவே விசர் வந்தது. "விசர் வராமல் போடுற ஊசியடாப்பா! நல்ல நாய்க்குத்தான் போடுறது! விளங்காட்டிக் கேக்கிறதுக்கென்ன, விசரரே!" என்று மரத்தைப் பார்த்துக் கத்தினேன். அவர்கள் கோபிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பெட்டியை மூடிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து சேருமுன்பே புதுப்பட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

என்னை வழிக்குக் கொண்டுவந்தவர் நான் வேலை செய்த கந்தோருக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும். அவருடைய அரிசி மூட்டைகளுக்கு ஒரு பூனை காவல். எலும்பும் தோலுமாக, வயிறு மட்டும் ஊதிப்போய் இருக்கும். "ஏன் நானா, அதுக்குச் சோறு போடுறதில்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டா எலி பிடிக்காது, டொக்டர். பசிச்சாத்தான் பிடிக்கும்."

"நோன்பிலை பின்னேரம் நீங்கள் எத்தினை மூட்டை தூக்குவியள்?"

நானா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு பூனையைத் தூக்கி என் மேசையில் வைத்தார். வயிற்றில் முழுக்கப் புழு. மருந்து கொடுத்து, காலையும் மாலையும் அவித்த மீனும் சோறும் போடச் சொன்னேன். ஒரு மாதம் போகவில்லை, விடிய விடிய கடை வாசலில் செத்த எலிகள் வரிசையாகக் கிடந்தன. நானா அதன்பிறகு பிரசங்கியாகிவிட்டார். மிளகாய் வாங்க வந்தவர்கள் பூனைப் புழுவைப் பற்றிய பிரசங்கத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்தான் எனக்குச் சொன்னார். "டொக்டர், நீங்கள் நல்ல மனிசன். ஆனா வாயைத் திறந்தா ஏச்சு. மாடெண்டாத் தடவித் தடவிக் கதைக்கிறியள், சனத்தோட கத்துறியள். முதல்ல விசர் எண்டா என்னெண்டு சொல்லிக் குடுங்கோ. ஊசியைப் பிறகு பாப்பம்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு பின்னேரம் அதே பாடசாலைக் கொட்டகையில் வகுப்பு வைத்தேன். கத்தவில்லை. கையை விரித்துப் பிடித்து, விரல் விரலாக மடக்கிச் சொன்னேன். பெருவிரல்: குணம் மாறும், வளர்த்தவரையே அறியாது. சுட்டுவிரல்: குரல் மாறும், குரைப்புக் கரகரத்து ஊளையாகும். நடுவிரல்: எச்சில் வடியும். மோதிரவிரல்: கீழ்த்தாடை தொங்கும், வாய் மூடாது. சின்னவிரல்: பின்னங்கால் இழுபடும். பிறகு முக்கியமானதைச் சொன்னேன். கடியோ கீறலோ பட்டால் உடனே சவுக்காரம் போட்டுக் கழுவி, ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். நாயை அடித்துக் கொல்லக்கூடாது. கட்டி வைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். விசர் என்றால் அதற்குள் செத்துவிடும். பத்து நாளும் தாண்டி நாய் சுகமாக நின்றால் கடிபட்டவருக்கும் பயமில்லை.

முன்வரிசையில் எட்டாம் வாய்க்கால் பெரியவர் ஒருவர் இருந்தார். காட்டுப்பன்றிக்கென்று லைசென்ஸ் எடுத்த துவக்கு வைத்திருந்தபடியால் அவர்தான் அந்த வாய்க்காலுக்குத் தளபதி மாதிரி. எச்சில், தாடை என்று சொன்னபோது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பத்து நாள் கதை தொடங்கியதும் பக்கத்திலிருந்தவருக்குத் தான் சுட்ட பன்றியின் பருமனைக் கையால் காட்டத் தொடங்கிவிட்டார். பின்னால், கொட்டகையைத் தாங்கும் கப்போடு சாய்ந்தபடி ஒரு பெண் நின்றா. என் வயதுதான் இருக்கும். புருசன் மதவாச்சிப் பக்கம் றெயில் பாதையில் வேலை, மாதத்தில் ஒருதரம் வருவார். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வயலைத் தனியாகச் செய்தவா. காலடியில் ஒரு செவலை நாய். வகுப்பில் நித்திரை கொண்டது அந்த நாய் மட்டும்தான் என்று எழுத ஆசைதான். முன்வரிசையில் இன்னும் நாலு பேர் கொண்டார்கள்.

இரண்டு மூன்று வாரம் கழிந்திருக்கும். நெற்கதிர் முற்றி வரும் காலம். காலையில் எட்டாம் வாய்க்காலிலிருந்து ஒருவர் சைக்கிளில் பறந்து வந்தார். முகத்தில் பயத்தை விடப் பெருமைதான் கூட. "டொக்டர், வாங்கோ! விசர்நாய்! நீங்கள் சொன்ன மாதிரி அப்பிடியே நிக்குது!"

அந்தப் பெண்ணின் வளவுதான். வேலியைச் சுற்றித் தடியும் கோடரியுமாக ஆட்கள். துவக்குக்காரர் துவக்கை ஏந்தியபடி வேலி வாசல் படலைக்கு உள்ளே. மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால் அந்தப் பெண், கையில் உலக்கை. ஒரு அடி முன்னால் வைத்தால் தலை பிளக்கும் என்பது அவவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாங்கோ டொக்டர்," என்றார் துவக்குக்காரர். "நீங்கள் படிப்பிச்சதெல்லாம் சரி. வாய் ஆவெண்டு திறந்தபடி, எச்சில் ஊத்துது. இவா விடுறா இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கோ, ஒரே வெடி."

கொட்டிலின் வரிச்சு இடைவெளியால் எட்டிப் பார்த்தேன். செவலை நாய் நின்றது. கீழ்த்தாடை தொங்க, நாக்கு வெளியே, எச்சில் கயிறாக வடிந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் படம் போட்டிருப்பதும் இதேதான். நான் என்னை அறியாமல் இரண்டு அடி பின்னால் வந்துவிட்டேன். சனம் அதைப் பார்த்தது. துவக்குக்காரர் துவக்கை உயர்த்தினார்.

"டொக்டர், கையைக் காட்டுங்கோ," என்றா அந்தப் பெண்.

"என்ன?"

"அண்டைக்கு விரிச்சுப் பிடிச்ச கை. விரிச்சுப் பிடியுங்கோ."

அந்த உலக்கைக்கு முன்னால் வேறென்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் அடி வாங்க நீட்டுவது மாதிரிக் கையை விரித்து நீட்டினேன்.

"பெருவிரல், வளத்தவையை அறியாது. இவன் என்னைக் கண்டு வாலாட்டுறான், பாருங்கோ. சுட்டுவிரல், குரல் மாறும். நீங்கள் படலையடியிலை சைக்கிளை விடேக்கை குரைச்சவனே, கேக்கேல்லையோ? சின்னவிரல், கால் இழுபடும். உள்ளுக்கை சுத்திச் சுத்தி ஓடுறான். நடுவிலை ரெண்டு விரல்தான் மிச்சம். நீங்கள் அஞ்சு சொன்னனீங்கள். அஞ்சிலை ரெண்டுக்கு வெடி வைக்கிறதே?"

நான் வெட்கத்தால் கூசிப்போனேன். உண்மைதான், நாய் குரைத்தது. கணீரென்று குரைத்தது. படித்துப் பட்டம் வாங்கிய என் காதில் அது ஏறவில்லை. என் வகுப்பை முழுதாகக் கேட்டிருந்த ஒரே ஆளைத்தான் ஊர் தடியோடு சுற்றி நின்றது. அவர்களுக்குத் தடி எடுத்துக் கொடுத்ததும் என் வகுப்புத்தான்.

"அக்கா, ரெண்டு இருந்தாலும் விசராயிருக்கலாம்," என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதைப் பாக்கத்தானே உங்களைக் கூப்பிடச் சொன்னனான்."

"ஆரையும் கடிச்சதோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன். இல்லை, இல்லை என்று குரல்கள். அவாவும் இல்லை என்றா. ஆனால் நான் கொட்டில் வாசலுக்குக் கிட்டப் போனதும், மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இடது உள்ளங்கையை விரித்தா. பெருவிரலடியில் நீளமாக ஒரு கீறல், சிவந்துபோய்.

"நேத்து விடிய இவன் சாப்பிடேல்லை எண்டு வாய்க்குள்ளை கையை விட்டுப் பாத்தனான். பல்லுக் கீறிப்போட்டுது. உடனை சவுக்காரம் போட்டுக் கழுவினனான். இதுகளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, டொக்டர். சொன்னால் இந்த நிமிசமே சுட்டுப்போடுவினம். சுட்டால் பத்து நாள் ஆரைப் பாக்கிறது?"

நாய் விசர் என்றால் இந்தக் கீறல் அவவின் உயிரைக் கொண்டுபோகும். நாயைச் சுட்டுப் புதைத்துவிட்டால், விசரா இல்லையா என்று அறிய வழியில்லாமல், தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு பயந்து பயந்து கிடக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் உலக்கையோடு நிற்கிறா.

உள்ளே நாய் முன்னங்காலால் வாயின் ஒரு பக்கத்தை வழித்து வழித்துவிட்டது. திரும்பவும் அதே பக்கம். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏதோ தட்டுப்பட்டது.

"முந்தநாள் இவன் என்ன தின்றவன்?"

அவா துவக்குக்காரரைப் பார்த்தா. வேலியடியில் நின்ற எல்லாரும் துவக்குக்காரரைப் பார்த்தார்கள். முந்தநாள் அவர் பன்றி சுட்டு வாய்க்கால் முழுக்கப் பங்கு கொடுத்திருக்கிறார். எலும்பெல்லாம் நாய்களுக்கு.

"பன்றிக்கும் விசரோ?" என்று கேட்டார் அவர், முகம் வெளிறி.

"நீங்கள் துவக்கை அங்காலை வைச்சிட்டுக் கயித்தைப் பிடியுங்கோ!" என்று கத்தினேன். கத்தியதும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

அந்தப் பெண்ணை எட்ட நிற்கச் சொன்னேன், உலக்கையோடு. நாயின் கழுத்துக்குச் சுருக்குப் போட்டு, கயிற்றைக் கொட்டில் கப்புக்கு வெளியால் எடுத்துத் துவக்குக்காரர் கையில் கொடுத்தேன். அவர் இழுக்க, நாயின் தலை கப்போடு ஒட்டி நின்றது. உடம்பைச் சாக்கால் சுற்றினேன். முழங்கைவரை தடித்த தோல் கையுறை போட்டுக்கொண்டு, பல்லுக்கிடையில் பூவரசங் கட்டை ஒன்றை வைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். மேலண்ணத்தில், இந்தப் பக்கக் கடைவாய்ப்பல்லிலிருந்து அந்தப் பக்கக் கடைவாய்ப்பல்வரை, குறுக்கே ஒரு பன்றி எலும்பு இறுகிப்போய்க் கிடந்தது. வாய் எப்படி மூடும்?

மாட்டுக்கு வைத்திருந்த நீளக் குறட்டால் பிடித்தேன். முதல்தரம் வழுக்கியது. இரண்டாம் தரம் ஒரு திருகுத் திருகி இழுத்தேன். டக்கென்று கழன்று வந்தது. கட்டையை எடுத்ததும் நாய் வாயை மூடியது, திறந்தது, திரும்ப மூடியது. கயிற்றைத் தளர்த்தித் தண்ணீர் வாளியைத் தள்ளிவிட்டோம். தலையை உள்ளே விட்டது, அடி காணும்வரை எடுக்கவில்லை.

"அட கடவுளே!" என்றார் துவக்குக்காரர். வேலியடியில் சிரிப்பு வெடித்தது. அன்றைக்கு மாமரத்தில் ஏறியிருந்து விசர்நாயை விசாரித்த அந்த மனிதர், "இனிப் பன்றிக்கும் ஒரு ஊசி போடுங்கோ, டொக்டர்" என்று கத்தினார். எலும்பை நான் சேலைத்தலைப்பில் முடிந்துகொள்ளச் சொல்லி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவா முதல்தடவையாகச் சிரித்தா. ஆனால் இடது கையை நீட்டவில்லை.

எலும்பு கிடைத்துவிட்டது, வாய் மூடாததற்குக் காரணமும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காட்டோரத்தில் விசர்நரி திரிந்தது உண்மை. நாய்க்கு அது இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. "நாய் கட்டினபடியே நிக்கட்டும். பத்து நாள். நான் சொன்ன சட்டம், எனக்கும் அதுதான்" என்றேன். சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அன்றே அவா ஆசுபத்திரிக்குப் போனா. அங்கிருந்த டொக்டர் என்னிடமும் விசாரித்து, நாயை ஒவ்வொரு நாளும் பார்க்கச் சொன்னார். சின்ன மாற்றம் கண்டாலும் அன்றே ஊசி தொடங்க வேண்டும் என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு! காலையில் தேத்தண்ணிக்கு முன் சைக்கிளை மிதித்துவிடுவேன். மூன்றாம் நாள் நாய் நீளமாகக் கொட்டாவி விட்டது, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஐந்தாம் நாள் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. நான் வியர்த்துப் போய்க் கொட்டிலடியில் குந்திவிட்டேன். விசாரித்தால், கயிற்றை அறுத்துக்கொண்டு வேலிக்குள்ளால் போய்த் துவக்குக்காரர் வீட்டுத் தயிர்ச் சட்டியை முழுக்க நக்கிவிட்டு வந்து நல்லபிள்ளையாகப் படுத்திருக்கிறது. அவர் வந்து குய்யோ முறையோ என்றார். "எலும்பைப் போட்டனீங்கள், தயிரும் உங்கட கடமைதான்" என்றா அந்தப் பெண். ஒவ்வொரு நாளும் நான் போனதும், "விரலை மடக்குங்கோ பாப்பம்" என்று கேட்டு, பெருவிரலிலிருந்து தொடங்கிப் பாடம் ஒப்புவிக்க வைப்பா. "நாய் கொழுத்திட்டான், டொக்டர். நீங்கள்தான் மெலிஞ்சு போறியள்" என்று பகிடி பண்ணுவா. இந்த மனுசிக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லையே என்று எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பத்தாம் நாளும் கழிந்து மறுநாள் காலை, நாயின் கண், வாய், கால் எல்லாம் பார்த்துவிட்டு, "அவிட்டு விடுங்கோ அக்கா. பயமில்லை" என்றேன். அவா கயிற்றை அவிழ்த்தா. நாய் வாய்க்கால் கரையால் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவா அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி நின்றா. பிறகு நிலத்தில் உட்கார்ந்து, முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதா. நான் திருதிருவென்று முழித்தேன்.

கொஞ்ச நேரத்தில் நாய் திரும்பி வந்தது, அதற்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் துள்ளிக்கொண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாளும் அந்த வளவில் நான் பிள்ளைகளைக் காணவே இல்லை.

"தங்கச்சி வீட்டை விட்டிருந்தனான்," என்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்தாம் வாய்க்காலிலை. என்ரை கோப்பையிலை அவை தண்ணி குடிக்கக் கூடாதெண்டு நினைச்சன். நீங்கள் சொன்னதை நான் நம்பினனான், டொக்டர். ஆனால் பிள்ளையளை வைச்சு நம்பிப் பாக்கேலாதே."

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஏறி ஓட்ட மனம் வரவில்லை.

அடுத்த ஊசி நாளுக்கு அறிவித்தல் எழுத உட்கார்ந்தபோது நானா கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "விசர் எண்ட சொல்லை எடுங்கோ," என்றார். "நல்ல நாய்களுக்கு மட்டும் ஊசி போடப்படும் எண்டு எழுதுங்கோ. பிறகு பாருங்கோ. தன்ர நாய் கூடாத நாய் எண்டு ஒருத்தனும் வீட்டில விட்டிட்டு வரமாட்டான்."

எழுதினேன். பாடசாலை வளவு நாயால் நிறைந்தது! மாட்டுக் கயிற்றில் நாய், சேலைக் கிழிசலில் நாய், தோளில் நாய். கழிவெண்ணெய் பூசிய நாய் மூன்றே மூன்று. துவக்குக்காரர் தன் கறுப்பு நாயோடு என் காதருகே வந்து, "டொக்டர், இது போன மாசம் ஒரு ஆட்டுக்குட்டியைக் கடிச்சது. நல்ல நாய்க் கணக்கிலை எடுப்பியளோ?" என்று கெஞ்சினார். நானா பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்து, "இதுவும் நல்ல நாய்தான்" என்றார்.

வரிசையில் முதலாவதாக நின்றது செவலை நாய். லீவில் வந்திருந்த புருசன் கயிற்றைப் பிடித்திருந்தார். பக்கத்தில் பிள்ளைகளும் அவாவும். தொடங்குமுன், "அக்கா, அந்த அஞ்சையும் நீங்களே சொல்லிக் குடுங்கோ. என்னை விட உங்களுக்குத்தான் மனப்பாடம்" என்றேன். அவா கூச்சப்படாமல் முன்னுக்கு வந்து விரல் மடக்கிச் சொன்னா. ஒரு சொல் பிசகவில்லை. முடிந்ததென்று நான் ஊசியை எடுத்தேன்.

"ஆறாவது ஒண்டு கிடக்கு," என்றா அவா. இடது கையை உயர்த்தி, எல்லாருக்கும் தெரிய விரித்துப் பிடித்தா. கீறல் ஆறி வெள்ளைக் கோடாகக் கிடந்தது. "நாயின்ரை வாய்க்குள்ளை நான் கையை விட்டனான். பல்லுக் கீறினது. அது என்ரை பிழை, ஆரும் செய்யாதேங்கோ. ஆனால் அண்டைக்கு நீங்கள் சுட்டிருந்தால், நான் சாவனோ இருப்பனோ எண்டு எனக்குச் சொல்ல ஒரு சீவன் இருந்திராது. அதாலைதான் உலக்கை எடுத்தனான்."

துவக்குக்காரர் தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். புருசனுக்கும் அப்போதுதான் தெரியும். "என்னட்டையும் சொல்லேல்லையே," என்றார். கயிறு அவர் கையிலிருந்து நழுவியது.

அவ்வளவுதான்! செவலை பாய்ந்தது நேரே துவக்குக்காரரின் கறுப்பு நாய்மேல். அடுத்த நிமிடம் அத்தனை நல்ல நாய்களும் கயிறு அறுத்து உருண்டு புரண்டன. நானாவின் சாக்குக் கிழிந்தது. பூனை மாமரத்தின் உச்சிக்குப் போக, பின்னாலேயே பழைய பார்வையாளர்களும் ஏறினார்கள். "டொக்டர், இப்ப வந்திட்டுது, விசர்நாயள் வந்திட்டுது!" என்று மேலேயிருந்து ஒரு குரல் கூவியது. நான் கத்தினேன், சனம் கத்தியது, பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. அந்த அமளிக்கு நடுவில் புருசன் அவவின் இடது கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

செவலையை நான்தான் துரத்திப் பிடித்து முதல் ஊசியைப் போட வேண்டியதாயிற்று. அவர் அந்தக் கையை விடவே இல்லை.